தோட்டப்பாதை நாளைய வீதியாகும்போது: அகலத்தை எப்போது, எவ்வழியில் ஒதுக்குவது?

பிரதான வீதியிலிருந்து பிரிந்து, தேயிலை மலைகளின் ஊடாக இரண்டரைக் கிலோமீற்றர் ஏறிப்போகும் ஒரு தோட்டப்பாதையை அண்மையில் அளவுநாடாவுடன் நடந்து பார்த்தேன். பெரும்பாலான இடங்களில் அதன் அகலம் 12 அடி. கோயில் மதிலுக்கும் எதிரே இருக்கும் லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) இஸ்தோப்புக்கும் (முன் திண்ணைக்கும்) நடுவே அது 11 அடியாகச் சுருங்குகிறது. அந்த இடத்தில் லொறிகள் உரசி உரசி மதிலின் மூலையில் பூச்சு போய்ச் செங்கல் தெரிகிறது. கொழுந்து லொறி எதிரே வந்தால், முச்சக்கரவண்டி பின்னால் உருண்டு பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் பராமரிப்பு நிலைய) வாசலில் ஒதுங்கித்தான் விலத்த வேண்டும். இந்தப் பாதையின் இரு மருங்கிலும் இன்னும் சில ஆண்டுகளில் தனி வீடுகள் எழும் என்றும், சந்தியில் இப்போதுள்ள நான்கைந்து கடைகள் சிறு பஜாராக வளரும் என்றும் எதிர்பார்க்கப்படுகிறது. அப்போது இந்தப் பாதைக்கு வேண்டிய அகலம் எவ்வளவு, அதை இன்றே ஒதுக்கி வைப்பதா, தேவை வரும்போது எடுத்துக்கொள்வதா, ஒதுக்குவதாயின் எந்தச் சட்ட வழியில் என்பதே இங்கு ஆராயப்படும் விடயம். இலங்கை மலையகத்தின் பல பிரதேச சபைகளின் மேசையில் இதே கேள்வி ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

முதலில், இந்தப் பாதை யாருடையது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ‘ஏ’, ‘பி’ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், ‘சி’, ‘டி’ தர வீதிகள் மாகாண சபைக்கும், அவற்றுக்குக் கீழான ஊர் வீதிகள் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உரியவை. தோட்டப்பாதை இந்த மூன்றிலும் சேராது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் வழியே தோட்டக் காணிகள் அரசிடம் வந்தன. 1992இல் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. அந்த ஆண்டிலிருந்து கணக்கிடப்படும் 53 ஆண்டுக் குத்தகை 2045 வரை ஓடும். ஆகவே பாதை கிடக்கும் நிலம் அரசுடையது, பயன்பாடு கம்பனியுடையது, அதில் நடப்பவர்கள் மட்டும் நாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை தன் நிதியைச் செலவிடுவதற்கு நீண்ட காலம் தடையாக நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தில் கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா எனப் புதிய பிரதேச சபைகள் இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பணம் செலவிடும் கதவு திறந்துவிட்டது. ஆனால் எந்த எல்லைக்குள் செலவிடுவது என்பதற்குக் கோடு இன்னும் வரையப்படவில்லை. 12 அடிப் பாதைக்குக் கொங்கிரீட் இட்டுவிட்டால் அந்த 12 அடியே நிரந்தரமாகிவிடும் என்பதை, ஒதுக்கீட்டுப் பணத்தை ஆண்டு முடிவதற்குள் செலவழித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

முதல் தெரிவு, இப்போதைக்கு எதையும் செய்யாமல் விட்டு, பின்னர் தேவைப்படும்போது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் சுவீகரிப்பது. இதன் ஒரே கவர்ச்சி, இன்று செலவு இல்லை, எவருடைய மனமும் நோகாது என்பதாகும். ஆனால் அந்தச் சட்டத்தின் நடைமுறையை அறிந்தவர்களுக்கு அது எத்தனை படிகளைக் கொண்டது என்பது தெரியும்: 2ஆம் பிரிவின் ஆரம்ப அறிவித்தல், ஆட்சேபங்களைக் கேட்டல், நில அளவை, 7ஆம் பிரிவின் அறிவித்தல், உரித்து விசாரணை, விலைமதிப்பு, நட்டஈடு என ஒவ்வொன்றும் வெவ்வேறு திணைக்களத்தின் கையில் இருக்கிறது. 38ஆம் பிரிவின் காப்புரையின்படி அவசரமாகக் காணியைக் கையேற்கலாம். ஆயினும் பணம் அதே வேகத்தில் உரியவர் கைக்கு வருவதில்லை. மேலும், சந்தைப் பெறுமதி 7ஆம் பிரிவு அறிவித்தல் வெளியாகும் நாளை வைத்தே கணிக்கப்படுவதால், பாதை வந்ததாலும் வீடுகள் எழுந்ததாலும் ஏறிய விலையை அந்தப் பாதைக்காகவே சபை கொடுக்க நேரும். ஒரே நிலவுரிமையாளரிடம் ஒரே கையொப்பத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியம், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நூறு காணி உறுதிகளையும், பங்குரிமை பிரிக்கப்படாத வாரிசுகளையும் தேடித் திரியும் காரியமாகிவிடும்.

இதில் இன்னொரு அநீதியும் மறைந்திருக்கிறது. லயக் காம்பராவில் நான்கு தலைமுறையாக வாழும் குடும்பத்திடம் உறுதி கிடையாது. பாதை அகலிக்கப்படும்போது உறுதி வைத்திருப்பவருக்கு நட்டஈடு கிடைக்கும். இஸ்தோப்பை இழக்கும் லயக் குடும்பத்தின் நிலை, உரியவர் என்று யார் எழுந்து நிற்பது என்ற கேள்வியில் தொங்கும். உரித்துப் பத்திரம் இல்லை என்பது நட்டஈட்டை மறுக்கக் காரணமாகக்கூடாது என்று 2001இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசிய சுயவிருப்பற்ற மீள்குடியேற்றக் கொள்கை கூறுகிறது. கொள்கை சட்டம் அன்று. பின்னர் எடுத்துக்கொள்ளலாம் என்ற தெரிவு மலிவாகத் தோன்றுவதற்கு, இந்தக் குடும்பங்களின் இழப்பைக் கணக்கில் எழுதாததும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது தெரிவு, வீதிக் கோட்டையும் கட்டட எல்லையையும் இப்போதே பிரகடனம் செய்வது. காணியை இன்று எடுப்பதில்லை. ஆனால் எதிர்கால வீதிக்குரிய கோட்டுக்குள் எவரும் நிரந்தரக் கட்டடம் எழுப்பக்கூடாது. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் கட்டட அனுமதியின் மூலம் இதைச் செயற்படுத்த இடம் தருகின்றன. ஏற்கெனவே தனியார் உறுதிகள் உள்ள பஜார்ப் பகுதிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கடையைப் புதுப்பிக்க வருபவர் ஒவ்வொருவரும் கோட்டுக்குப் பின்னால் தள்ளிக் கட்ட, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வீதி தானாகவே இடம்பெற்றுவிடும். முன்னால் தற்காலிகக் கூரை போட விரும்பும் கடைக்காரரிடம், அகற்றும்போது நட்டஈடு கோரமாட்டேன் என்ற ஒப்பந்தத்தைப் பெற்றுக்கொண்டு அனுமதிக்கும் வழக்கமும் உண்டு.

ஆனால் இதே கோட்டை வீட்டுக் காணிகள் மீது இழுத்தால் கதை வேறு. தோட்டத்துத் தனி வீட்டுத் திட்டங்களில் முன்பு ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்ற கணக்கே இருந்தது. பின்னரே 10 பேர்ச்சஸ் என்ற பேச்சு வந்தது. 7 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. பாதையோரமாக 40 அடி முகப்புள்ள அத்தகைய காணியில் 10 அடி ஆழத்துக்குக் கட்டட எல்லை விழுந்தால் 400 சதுர அடி, அதாவது ஒன்றரைப் பேர்ச்சஸ் அளவு, கட்ட முடியாத நிலமாகிவிடும். காணியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. உறுதி கையில் இருக்கும், வரிப்பணமும் கட்ட வேண்டும், மகனுக்கு ஒரு அறை இறக்கிக் கட்ட மட்டும் அனுமதி இல்லை. சுவீகரிப்பு நடக்கும் நாள்வரை நட்டஈடும் இல்லை. அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது ஒரு சிறு தொல்லை. 7 பேர்ச்சஸ் வைத்திருப்பவருக்கு அது வீட்டின் முன்பாதி. கோடு போட்ட சபையே சில ஆண்டுகளில் மனம் இரங்கியோ தேர்தலை எண்ணியோ கண்டும் காணாமல் இருந்துவிடுவதும், அதன் பிறகு கோட்டை மதித்துக் கட்டியவரே ஏமாளியாவதும் நாம் பார்க்காத ஒன்றன்று. எனக்குத் தெரிந்த ஒரு சந்தியில் மூன்று கடைகள் ஒதுங்கியும் நான்காவது முன்னே துருத்தியும் நிற்கின்றன. மழைநீர்க் கானு அந்த நான்காவது கடையின் படிக்கட்டுக்கு அடியில் புகுந்து காணாமல் போகிறது.

மூன்றாவது தெரிவு, காணி பிரிக்கப்படும் தருணத்திலேயே, நில அளவை வரைபடத்தில் வீதிக்கான துண்டைத் தனிக் காணித்துண்டாகக் காட்டிச் சபையின் பெயருக்கு மாற்றிக்கொள்வது. தனியார் காணியைத் துண்டாடி விற்பவர்கள் வரைபட அங்கீகாரத்துக்கு வரும்போது சபைகள் இதை வழமையாகவே செய்கின்றன. தோட்டத்தில் இதன் பலம் பன்மடங்கு, ஏனெனில் நிலம் இன்னும் ஒரே கையில் இருக்கிறது. வீடமைப்புக்காகக் கம்பனியின் குத்தகையிலிருந்து ஒரு பகுதி விடுவிக்கப்படும்போது அதே விடுவிப்பில் வீதியின் முழு அகலத்தையும் சேர்த்துக் கேட்டால், எவருடைய வீடும் உடையாது, எவருக்கும் தனி நட்டஈடு தேவைப்படாது. கம்பனி இழப்பது பாதையோரத்துத் தேயிலை வரிசைகள் சிலவற்றை மட்டுமே. முதல் உறுதி ஒப்படைக்கப்பட்ட மறுநாள் இந்த வாய்ப்பு சுருங்கத் தொடங்கும்.

எனினும் இந்தத் தெரிவுக்கும் விலை உண்டு. அதை மறைக்காமல் கணக்கிட வேண்டும். மேலே சொன்ன இரண்டரைக் கிலோமீற்றர் பாதையை 12 அடியிலிருந்து 30 அடிக்கு ஒதுக்கினால் கூடுதலாக வேண்டிய நிலம் ஏறத்தாழ 3.4 ஏக்கர். 10 பேர்ச்சஸ் வீதம் பிரித்தால் அது 54 குடும்பங்களின் வீட்டுக் காணி. 20 அடிக்கு ஒதுக்கினால் ஒன்றரை ஏக்கர், 24 குடும்பங்களின் காணி. பாறையும் ஓடையும் மண்சரிவுப் பகுதியும் போக, வீடு கட்டத் தகுந்த நிலமே அரிதாகக் கிடைக்கும் மலையில், 30 குடும்பங்களின் வித்தியாசத்தை ‘நகர அபிவிருத்திக்கு நல்லது’ என்ற ஒற்றை வாக்கியத்தால் கடந்துபோக முடியாது. இரண்டு அறைகளுக்குள் மூன்று குடும்பங்கள் முடங்கிக் கிடக்கும் லயத்தின் முன்னால் நின்றுகொண்டு, வருங்காலப் போக்குவரத்துக்கு முப்பது அடி வேண்டும் என்று விளக்குவதற்கு எந்தத் தவிசாளருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது.

சமதரையில் வகுத்த அகலங்களை மலைக்குக் கொண்டுவருவதில் இன்னுமொரு தவறு இருக்கிறது. தரை 30 பாகை சரிந்திருக்கும் இடத்தில் 20 அடி அகலத்துக்கு மலைப்பக்கமாகச் செங்குத்தாக வெட்டினால் பதினொன்றரை அடி உயர வெட்டுமுகம் எழும். 30 அடிக்கு வெட்டினால் அது பதினேழு அடியைத் தாண்டும். அகலம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. அள்ளி எடுக்கும் மண்ணோ இரண்டேகால் மடங்கு ஆகிறது. அந்த மண்ணைக் கீழே தள்ளினால் கீழ்க்கணக்கின் (தோட்டத்தின் கீழ்ப் பிரிவின்) லயங்களுக்கு மேலே புதிய சரிவு ஒன்றைக் குவித்து வைத்தவர்களாவோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறந்தவர் மலையகத்தில் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பிரதான வீதிகளே பல இடங்களில் அறுந்து கிடந்தன. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைக் கேட்கும் சபை, வீடுகளுக்கு மேலே வெட்டப்படும் வீதிக்கும் அதே பரிந்துரையை முன்கூட்டியே பெறுவதுதான் முறை. மலைப்பாதையின் ஒதுக்கீடு என்பது வாகனம் ஓடும் தளத்தின் அகலம் மட்டுமன்று. மேற்புற வெட்டுமுகம், அதன் அடியிலுள்ள கானு, தாங்குசுவர், நீரைப் பத்திரமாக ஓடைக்கு இறக்கும் வழி ஆகிய அனைத்தையும் சேர்த்ததே வழியுரிமை. கானுக்கு இடம் விடாத வீதி முதல் பெருமழையிலேயே தன் விளிம்பைத் தானே தின்றுவிடும்.

ஆகவே மூன்றாவது தெரிவுக்குள்ளேயே ஒரு மாற்று வடிவத்தை நான் முன்வைக்கிறேன். பாதை முழுவதற்கும் 20 அடி ஒதுக்கீடு. ஏறக்குறைய 200 மீற்றருக்கு ஒன்றாக, 100 அடி நீளத்துக்கு மட்டும் 30 அடி அகலத்தில் வாகனங்கள் விலத்தும் இடம். இரண்டரைக் கிலோமீற்றருக்கு அத்தகைய பன்னிரண்டு இடங்கள் போதும்; அவற்றுக்குக் கூடுதலாக வேண்டிய நிலம் 44 பேர்ச்சஸ், அதாவது நான்கைந்து வீட்டுக் காணிகள் மட்டுமே. முழு நீளத்துக்கும் 30 அடி எடுப்பதோடு ஒப்பிட்டால் இருபத்தைந்து குடும்பங்களுக்கான காணி மிஞ்சுகிறது. விலத்தும் இடங்களை அளவுகோலால் சமதூரம் அளந்து குறிக்காமல், தரை இயல்பாகவே அகன்றிருக்கும் தோள்களிலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் அருகிலும், பஸ் நிற்க வாய்ப்பான திருப்பங்களிலும் அமைத்தால் வெட்டும் மண்ணும் குறையும். மணிக்கு நூறு வாகனம் ஓடும் வீதிக்கு இது போதாது என்பது உண்மை. ஆனால் முந்நூறு வீடுகளுக்கும் ஒரு பாடசாலைக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கும் போய் அங்கேயே முடியும் முட்டுப் பாதைக்குப் போதும்.

முட்டுப் பாதை அல்லாதவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போய், இரண்டு பிரதான வீதிகளை இணைக்கும் பாதைகள் சில உண்டு. ஏ7 வீதியில் மண் சரிந்து நிற்கும் நாளில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக எஞ்சியிருப்பது அத்தகைய பாதையாகத்தான் இருக்கும். அவற்றுக்கு முழு 30 அடியையும், சரிவான இடங்களில் வெட்டுமுகத்துக்கான கூடுதல் துண்டையும் இப்போதே கேட்டுப் பெற வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. எல்லாப் பாதைக்கும் ஒரே அகலம் என்று தீர்மானம் நிறைவேற்றும் சபை, தேவையற்ற இடத்தில் வீட்டுக் காணியை வீணாக்கி, தேவையான இடத்தில் பற்றாக்குறையை ஏற்படுத்தும்.

காணி உரிமையாளர்கள் தாமாகவே துண்டை நன்கொடையாக எழுதிக் கொடுப்பதை நான்காவது தெரிவாகச் சிலர் சொல்வதுண்டு. ஊரில் நல்லுறவு இருக்குமிடத்தில் இது நடக்கும்; ஐந்து பேர் கொடுத்து ஆறாமவர் மறுத்தால் பாதை அவருடைய வேலியில் வந்து நிற்கும். மற்ற வழிகளுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாமே ஒழிய, திட்டத்தை இதன் மேல் கட்ட முடியாது.

ஒதுக்கிய நிலம் பத்து ஆண்டு வெறுமனே கிடந்தால் அதில் குடிசை எழும், கடை எழும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. இங்கே ரயில் பாதையை நினைத்துப் பார்க்கலாம். 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் வந்த அந்தப் பாதை, தண்டவாளத்துக்கு அப்பாலும் இரு மருங்கிலும் தன் ஒதுக்கை வைத்துக்கொண்டது. அதில் அத்துமீறிய குடியிருப்புகளும் மரக்கறிப் பாத்திகளும் இல்லாமலில்லை. ஆயினும் எல்லை எதுவென்பது வரைபடத்தில் இருப்பதால் வழக்கு வரும்போது ரயில்வேத் திணைக்களத்துக்குக் காட்ட ஏதோ இருக்கிறது. தோட்டப்பாதையில் அதுவும் இல்லை. காவலுக்கு ஆள் வைக்கச் சபையால் முடியாது. எல்லைக் கல்லை நட்டு, துண்டைத் தற்காலிகமாக அருகிலுள்ள குடும்பத்துக்கே கோவாவும் லீக்ஸும் போட ஓராண்டு அனுமதிப்பத்திரத்தில் கொடுக்க முடியும். கொடுக்கும் பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டால், அந்தப் பத்திரமே நிலம் யாருடையது என்பதற்குச் சான்றாகும். நிரந்தரக் கட்டடத்தைவிட மரக்கறிப் பாத்தியை அகற்றுவது எளிது; பயிர் எடுக்க மூன்று மாத அவகாசம் கொடுத்தால் எவரும் வழக்குக்குப் போகமாட்டார்கள்.

எனவே நான் அளந்த பாதையைப் பொறுத்தவரை என் பரிந்துரை மூன்று வழிகளையும் கலந்ததாக இருக்கும். சந்திக் கடைகளுக்கு வீதிக் கோடு. இன்னும் பிரிக்கப்படாத தேயிலை நிலத்தில் 20 அடியும் விலத்தும் இடங்களும் கொண்ட ஒதுக்கீட்டுத் துண்டு. வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் சுவீகரிப்பு. கோயிலுக்கும் லயத்துக்கும் நடுவிலுள்ள 11 அடி இடுக்கைப் பலரும் சுவீகரிப்புக்குரிய இடமாகச் சுட்டிக்காட்டினார்கள். கோயில் மதிலை இடிப்பதா, லயத்தில் நான்கு காம்பராக்களை இடிப்பதா என்ற வாதமே அங்கு ஓடிக்கொண்டிருந்தது. லயத்தின் பின்புறமாக, கைவிடப்பட்ட பழைய தேயிலைத் துண்டின் வழியே, ஏறத்தாழ நூற்றைம்பது அடி தூரத்துக்குப் பாதையைத் திருப்பினால் இரண்டையும் தொட வேண்டியதில்லை. அந்தத் துண்டு இன்னும் எவருக்கும் வழங்கப்படவில்லை. ஆனால் அடுத்த கட்ட வீடமைப்புக்கான அளவை ஆப்புகளில் இரண்டு அதற்குள் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தன. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும், நில அளவையாளரும், தோட்ட முகாமையாளரும் ஒரே காலையில் அந்த இடத்தில் நின்று பேசினால் அந்த ஆப்புகளை இருபது அடி தள்ளி அடிக்க முடியும். வரைபடம் கையொப்பமாகி உறுதிகள் அச்சாகும்வரைதான் அதற்குக் காலம்.